திறப்பு கையில் வந்தாச்சு: இணையப் பாடநெறித் தளத்தை நடத்தத் தொடங்குபவருக்கு

“சேர், உங்கட பாடநெறியை எல்.எம்.எஸ்ஸில் திறந்து விட்டிருக்கிறம், இனி நீங்களே பாருங்கோ.” பல்கலைக்கழகத்திலோ தொழில்நுட்பக் கல்லூரியிலோ தனியார் கல்வி நிறுவனத்திலோ புதிதாகப் படிப்பிக்கத் தொடங்குபவருக்கு முதல் கிழமையிலேயே இப்படி ஒரு தகவல் வரும். எல்.எம்.எஸ். என்பது பாடநெறியை இணையத்தில் நடத்தும் தளம். உள்ளே போய்ப் பார்த்தால் மேலே பாடத்தின் பெயர், கீழே வெறும் கட்டங்கள், எதைத் தொட்டாலும் நீளமான அமைப்புப் பட்டியல். பலர் அந்த இடத்தில் செய்வது ஒன்றுதான். கையில் இருக்கும் விரிவுரைக் குறிப்புகளை வரிசையாக ஏற்றிவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். அதற்கு வட்ஸ்அப் குழுவே போதும், இவ்வளவு பெரிய தளம் தேவையில்லை.

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் புழக்கத்தில் இருப்பது மூடில் என்ற இலவசத் திறந்த மூல மென்பொருள். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் மார்ட்டின் டூகியாமஸ் என்பவர் உருவாக்கியது. முதற்பதிப்பு 2002 ஓகஸ்டில் வந்தது. அவர் சிறுவயதில் மேற்கு அவுஸ்திரேலியாவின் பாலைநிலப் பகுதியில், பள்ளிக்கூடம் எட்டாத தூரத்தில், வானொலி வழியாகப் பாடம் படித்தவர். கடல் கொந்தளித்து குறிகட்டுவானுக்குப் படகு ஓடாத நாளில் நெடுந்தீவுப் பிள்ளை ஒன்று வகுப்பைத் தவறவிடுவது நமக்குத் தெரிந்த கதை என்பதால், இந்த மென்பொருளின் பிறப்பும் அவ்வளவு அந்நியமாகத் தெரியவில்லை. கூகிள் கிளாஸ்ரூம் பாவிப்பவர்களுக்கும் கீழே சொல்வதில் ஒரு பகுதி பொருந்தும்.

புதியவர் முதலில் பிடித்துக்கொள்ளவேண்டிய விஷயம் இது: வகுப்பறையில் வாயால் சொல்லிச் சமாளித்ததையெல்லாம் தளத்தில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். “ஒப்படையை வெள்ளிக்கிழமை கொண்டு வாங்கோ” என்று வகுப்பில் சொல்கிறோம். திங்கட்கிழமை காலையில் ஒருவர் தயங்கித் தயங்கி நீட்டினால், வீட்டில் செத்தவீடா, காய்ச்சலா, வெறும் சோம்பலா என்று முகத்தைப் பார்த்து முடிவெடுப்போம். தளத்துக்கு முகம் பார்க்கத் தெரியாது. வெள்ளி என்றால் எத்தனை மணி? பிந்தினால் வாங்குவதா? வாங்கினால் எந்த நாள் வரை? ஒருவருக்கு மட்டும் நேரம் நீட்டலாமா? எல்லாவற்றையும் அது முதலே கேட்கும். நீங்கள் பதில் சொல்லாமல் விட்டால், தானே ஒரு பதிலை வைத்துக்கொண்டு அதன்படி நடக்கும். பிரச்சினைகளில் முக்கால்வாசி இந்தச் சொல்லாமல் விட்ட பதில்களில் இருந்துதான் வருகின்றன.

யார் உள்ளே, எந்த உரிமையோடு

தளத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு உண்டு. ஆசிரியர் என்ற பங்கு உள்ளவர் அந்தப் பாடநெறிக்குள் எதையும் சேர்க்கலாம், அழிக்கலாம், புள்ளி போடலாம். திருத்தும் உரிமை இல்லாத ஆசிரியர் என்று இன்னொரு பங்கும் இருக்கிறது. அவர் புள்ளி போடலாம், ஆனால் பாடப்பக்கத்தில் கை வைக்க முடியாது. உதவி விரிவுரையாளரோ செய்முறை வகுப்பு எடுப்பவரோ வந்தால் அவருக்கு இந்த இரண்டாவது பங்கே போதும். நம்பிக்கை இல்லை என்பதற்காக அல்ல. தவறுதலாக ஒரு பரீட்சையை அழித்துவிட்டார் என்ற வம்பு அவருக்கும் வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம். உங்கள் கடவுச்சொல்லை அவரிடம் கொடுத்து “நீங்களே போட்டு விடுங்கோ” என்பது மட்டும் கூடவே கூடாது. யார் எந்தப் புள்ளியைப் போட்டார் என்பது தளத்தின் பதிவில் இருக்கும். கடவுச்சொல்லைப் பகிர்ந்தால் எல்லாமே உங்கள் பெயரில்தான் விழும்.

மாணவர்களை நிர்வாகமே சேர்த்துத் தரலாம். இல்லாவிட்டால் நீங்கள் ஒரு சேர்க்கைச் சொல்லைக் கொடுத்து அவர்களையே சேரவைக்கலாம். இரண்டாவது வழி என்றால், எல்லோரும் சேர்ந்ததும் அந்தச் சொல்லை மாற்றிவிடுங்கள். அது ஒரு மணித்தியாலத்தில் நாலு வட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடும். பாடத்தை விட்டு விலகியவரை நீக்குவதை விட இடைநிறுத்துவது நல்லது. நீக்கினால் அவருடைய புள்ளிகளும் பட்டியலில் இருந்து மறைந்துவிடும், பிறகு அவர் திரும்பி வந்தால் வீண் வேலை.

பக்கத்தை அடுக்குவது

இதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம். கிழமை வாரியாகவோ தலைப்பு வாரியாகவோ பிரியுங்கள். ஒவ்வொரு பகுதியின் தலையிலும் இந்தக் கிழமை என்ன வாசிக்க வேண்டும், என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள் என்று இரண்டு மூன்று வரி எழுதுங்கள். ‘லெக்சர் 4 நியூ ஃபைனல்’ என்று கோப்புக்குப் பெயர் வைக்காதீர்கள். வராத கிழமைகளை மறைத்துவிடுங்கள். அப்புறம், பக்கத்தை முடித்ததும் மாணவராகப் பங்கை மாற்றிப் பார்க்கும் வசதி உங்கள் பெயருக்குக் கீழே உள்ள பட்டியலில் இருக்கிறது. அதை ஒருதரம் அமத்துங்கள். உங்களுக்குத் தெரிகிற பக்கமும் பிள்ளைகளுக்குத் தெரிகிற பக்கமும் ஒன்றல்ல. “சேர், ஒண்டும் தெரியேல்லை” என்ற செய்திக்குப் பாதி நேரம் காரணம், மறைத்து வைத்ததைத் திறக்க மறந்ததுதான். முடிந்தால் கைத்தொலைபேசியிலும் பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகள் பார்க்கப் போவது அதில்தான்.

ஒப்படையில் மூன்று திகதிகள்

ஒரு ஒப்படையைத் திறந்தால் திகதி கேட்கும் பெட்டிகள் பல இருக்கும். மூன்றை விளங்கிக்கொண்டால் போதும்: எப்போது முதல் சமர்ப்பிக்கலாம் என்பது முதலாவது, ‘டியூ டேற்’ இரண்டாவது, ‘கட்-ஓஃப் டேற்’ மூன்றாவது. புதியவர்கள் பலரும் டியூ டேற்றுடன் கதவு பூட்டப்படும் என்று நினைக்கிறார்கள். பூட்டப்படாது. அந்த நேரம் தாண்டினாலும் தளம் ஒப்படையை வாங்கும், பக்கத்தில் இவ்வளவு நேரம் பிந்தியது என்று சிவப்பில் குறிப்பு வைக்கும், அவ்வளவுதான். கதவு உண்மையில் பூட்டப்படுவது கட்-ஓஃப் நேரத்தில். அந்தப் பெட்டியைத் தொடாமல் விட்டால் அரையாண்டு முடியும் வரை வந்துகொண்டே இருக்கும்.

என் விருப்பம், இரண்டுக்கும் இடையில் மூன்று நாள் விடுவது. டியூ டேற் வெள்ளி என்றால் கட்-ஓஃப் திங்கள். கரண்ட் போனது, டேட்டா முடிந்தது என்ற கதைகளுக்கு அந்த இடைவெளி தானாகவே பதில் சொல்லிவிடும். உங்களுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளும் குறையும். அதற்கு மேலும் உண்மையான காரணம் உள்ளவருக்கு, அவர் ஒருவருக்கு மட்டும் கால நீடிப்பு வழங்கலாம். எல்லோருக்குமாகத் திகதியை மாற்றத் தேவையில்லை. நேரத்துக்கு ஒழுங்காகத் தந்த பிள்ளைகள் அதைப் பார்த்து மனம் நோவார்கள்.

திகதியைப் போலவே மணியும் முக்கியம். புதிய ஒப்படை ஒன்றைத் திறந்தால் மூடில் வழமையாக 00:00 மணியைப் போட்டுத் தரும். 10ஆம் திகதி 00:00 என்றால் 9ஆம் திகதி இரவு முடியும் நேரம். ஆனால் ‘10ஆம் திகதி’ என்று வாசித்த பிள்ளை, அன்று முழுநாளும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும். இரவு 11:59 என்று மாற்றுவோர் உண்டு. எனக்கு அதிலும் உடன்பாடில்லை. நடுச்சாமத்தில் ஒன்று பிழைத்தால் யாரிடம் கேட்பது? மாலை 6 மணி என்று வையுங்கள். நீங்களும் விழித்திருப்பீர்கள், நிர்வாகியும் தொலைபேசியை எடுப்பார். கனடாவில் இருந்தோ இலண்டனில் இருந்தோ ஒருவர் இணைந்து படிக்கிறார் என்றால், அவருடைய சுயவிபரத்தில் நேர வலயம் சரியாக இருந்தால் தளம் அவருக்கு அவருடைய ஊர் நேரத்தில் காட்டும். அறிவித்தலில் எழுதும்போது மட்டும் ‘இலங்கை நேரம்’ என்று சேர்த்துவிடுங்கள்.

இன்னொரு பொறி இருக்கிறது. ‘சமர்ப்பிக்கும் பொத்தானை மாணவர் அமத்த வேண்டும்’ என்ற அமைப்பு. இதை ஆம் என்று வைத்தால், பிள்ளை கோப்பை ஏற்றிய பிறகும் அது வரைவாகவே இருக்கும்; கடைசியில் ஒரு பொத்தானை அமத்தினால்தான் சமர்ப்பித்ததாகக் கணக்கு. கோப்பு ஏறிவிட்டது என்ற நிம்மதியில் பாதிப் பேர் அதை அமத்தாமலே போய்விடுவார்கள். முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு அதை இல்லை என்றே வைத்துவிடுங்கள்.

கையால் எழுதிய விடைகளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் கோப்பின் அளவையும் சொல்லுங்கள். இன்றைய தொலைபேசியில் எடுத்த ஒரு படம் நாலைந்து எம்.பி. வரும். எட்டுப் பக்கம் என்றால் முப்பது, நாற்பது எம்.பி. நீங்கள் 5 எம்.பி. எல்லை வைத்திருந்தால் பிள்ளை அழாக்குறையாக நிற்கும். ஸ்கான் செய்யும் செயலி ஒன்றால் ஒரே பி.டி.எஃப். ஆக்கச் சொல்லுங்கள், அளவு வெகுவாக இறங்கும். அப்படித் தந்தால் உங்களுக்கும் வசதி: தளத்துக்குள்ளேயே பக்கத்தின் மேல் சரி, பிழை போட்டுத் திருத்தலாம்.

இணையவழிச் சிறுபரீட்சை

குவிஸ் என்று எல்லோரும் சொல்லும் இந்தப் பகுதி மூடிலின் பலமான இடம். கேள்விகளை நேரே பரீட்சைக்குள் எழுதாமல் கேள்வி வங்கியில் அலகு வாரியாகச் சேர்த்து வையுங்கள். ஒரு அலகில் 30 கேள்வி இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் 10ஐத் தளமே எழுந்தமானமாக எடுத்துக் கொடுக்கும். பக்கத்தில் இருப்பவரின் திரையைப் பார்த்தாலும் வேறு கேள்விதான் தெரியும். முதல் வருடம் கொஞ்சம் முறிய வேண்டும், ஆனால் அடுத்த வருடம் அந்த வங்கி அப்படியே கையில் இருக்கும்.

கவனிக்க வேண்டியது, விடைகளை எப்போது காட்டுவது என்ற அமைப்பு. அதில் நாலு நிரல் இருக்கும்: எழுதும்போது, எழுதி முடித்த உடன், பரீட்சை இன்னும் திறந்திருக்கும்போது, பரீட்சை மூடிய பின். சரியான விடை என்ற பெட்டியில் கடைசி நிரலில் மட்டும் சரி போடுங்கள். முந்தியவற்றிலும் சரி இருந்தால், காலையில் முதலில் எழுதியவர் விடைகள் உள்ள திரையைப் படம்பிடித்துக் குழுவில் போட்டுவிடுவார். பின்னேரம் எழுதுபவர்கள் எல்லோரும் நூற்றுக்கு நூறு எடுப்பார்கள்.

கரண்ட் விஷயத்தை யாழ்ப்பாணத்தில் சொல்லாமல் விட முடியாது. 2022 மார்ச் கடைசியில் நாள் ஒன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. இப்போது அந்த நிலை இல்லை என்றாலும், ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஒரு மரக்கிளை விழுந்தால் போதும். தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. விடைகளைத் தளம் சுமார் ஒரு நிமிடத்துக்கு ஒருதரம் தானாகவே சேமிக்கும், ஆகவே இணைப்பு அறுந்தாலும் எழுதியது பெரும்பாலும் தப்பும். ஆனால் கடிகாரம் நிற்காது. 30 நிமிடப் பரீட்சையில் 12 நிமிடம் இணைப்பு இல்லை என்றால் அந்தப் 12 நிமிடம் போனதுதான். அதனால் 30 நிமிட எல்லை உள்ள பரீட்சையை ஒரு மணித்தியாலம் மட்டும் திறந்து வைக்காமல் ஒரு முழு நாள் திறந்து வையுங்கள், வசதியான நேரத்தில் எழுதட்டும். அப்படியும் பாதிக்கப்பட்டவருக்குத் தனியாக மேலதிக நேரமோ இன்னொரு முயற்சியோ கொடுக்கும் வசதி அதே பரீட்சைக்குள் இருக்கிறது. பார்வைக் குறைபாடு உள்ள மாணவருக்கு நேரம் கூட்டிக் கொடுப்பதும் இதே வழியில்தான்.

பாமினியும் யூனிகோடும்

நம்மிடம் பழைய குறிப்புகள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. வேர்ட் கோப்பில் அழகாகத் தெரியும். அதை அப்படியே எடுத்துத் தளத்தின் பக்கத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குவியல்தான் வரும். காரணம், பாமினியில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். எழுத்துரு மட்டும்தான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. யூனிகோடாக, அதாவது எந்தக் கணினியும் தமிழ் எழுத்தாகவே அறியும் முறைக்கு, மாற்றித் தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் உண்டு. மாற்றிய பின் ஒருதரம் வாசித்துப் பாருங்கள், இடையில் சேர்ந்திருந்த ஆங்கிலச் சொற்களும் எண்ணுக் குறியீடுகளும் சில வேளை குழம்பியிருக்கும். பாமினியில் செய்த பி.டி.எஃப். பார்வைக்குச் சரியாக இருக்கும். ஆனால் அதற்குள் தமிழ்ச் சொல்லொன்றைத் தேட முடியாது, திரைவாசிப்பான் பாவிக்கும் பிள்ளைக்கு அது வாசித்தும் காட்டாது.

சிறுவிடைக் கேள்வியைத் தமிழில் வைப்பவர்கள் ஒன்றை யோசியுங்கள். தளம் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத்தான் புள்ளி போடும். ‘ஒளித்தொகுப்பு’ என்று நீங்கள் வைத்திருக்க, பிள்ளை ‘ஒளித் தொகுப்பு’ என்று இடைவெளி விட்டால் பூச்சியம். வரக்கூடிய எல்லா வடிவங்களையும் சரியான விடைகளாகச் சேர்க்க வேண்டும், அல்லது பல்தேர்வாக மாற்றிவிட வேண்டும்.

டேட்டா காசு

ஒளிப்பதிவு செய்து போடுவது பலருக்கு விருப்பம். ஒரு கணக்கைப் பாருங்கள். விநாடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் ஓடும் ஒளிப்பதிவு நிமிடத்துக்கு 7.5 எம்.பி. தின்னும், 20 நிமிடத்துக்கு 150 எம்.பி. அதே விளக்கத்தை 64 கிலோபிட் தரத்தில் ஒலியாகப் பதிந்தால் 20 நிமிடத்துக்குப் பத்து எம்.பி.யும் வராது. கணக்குச் செய்துகாட்டவோ வரைபடம் கீறவோ வேண்டிய இடத்தில் ஒளிப்பதிவு தேவைதான். வெறுமனே கதைக்கிற இடத்தில் ஒலியும் இரண்டு பக்கக் குறிப்பும் போதும். ஒளிப்பதிவை நேரே தளத்தில் ஏற்றாமல் யூடியூபில் பட்டியலிடாத காணொளியாகப் போட்டு இணைப்பைக் கொடுத்தால், பார்ப்பவர் தன் டேட்டாவுக்கு ஏற்பத் தரத்தைக் குறைத்துப் பார்க்கலாம். மூடிலுக்குக் கைத்தொலைபேசிச் செயலியும் உண்டு; வளாகத்து வைஃபையில் ஒரு கிழமைப் பாடத்தை இறக்கி வைத்து வீட்டில் இணையம் இல்லாமல் வாசிக்கலாம். இதைப் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுங்கள், அவர்கள் தாமாகக் கண்டுபிடிப்பது அரிது.

புள்ளிப் பட்டியல்

எல்லோரும் பயப்படும் இடம். பயத்துக்கு நியாயமும் இருக்கிறது, ஏனென்றால் இங்கே தளம் நீங்கள் சொல்லாமலேயே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்.

உதாரணத்துக்கு, தலா 10 புள்ளிப்படி மூன்று சிறுபரீட்சை, 100 புள்ளிக்கு ஒரு ஒப்படை வைத்திருக்கிறீர்கள். பாடத்திட்டத்தின்படி சிறுபரீட்சைகளுக்கு 30 வீதம், ஒப்படைக்கு 70 வீதம். தளம் இயல்பாகச் செய்வது எல்லாவற்றையும் கூட்டுவது: மொத்தம் 130. அதில் ஒப்படையின் பங்கு 100, அதாவது கிட்டத்தட்ட 77 வீதம். யாரும் எதையும் பிழையாகப் போடவில்லை, ஆனாலும் இறுதி விகிதம் பாடத்திட்டத்தில் உள்ளதல்ல. இலகுவான பரிகாரம், ஒப்படையை 70 புள்ளிக்கே வைப்பது. அப்போது மொத்தம் தானாகவே 100 ஆகும். 100க்குத் திருத்தித்தான் பழக்கம் என்றால் புள்ளிப் பட்டியலின் அமைப்பில் நிறையை, அதாவது ஒவ்வொன்றுக்கும் உரிய வீதத்தை, நீங்களே எழுதலாம். எதுவானாலும் முதற்கிழமையிலேயே செய்துவிடுங்கள். நடுவில் மாற்றினால் ஒவ்வொருவரின் மொத்தமும் அசையும், கேள்வி மேல் கேள்வி வரும்.

இரண்டாவது, வெறுமையும் பூச்சியமும் ஒன்றல்ல. ஒரு பிள்ளை முதல் சிறுபரீட்சையில் 10க்கு 9 எடுத்துவிட்டு மற்ற எதையும் செய்யவில்லை என்று வையுங்கள். தளம் வெறும் கட்டங்களைக் கணக்கில் எடுக்காமல் அந்தப் பிள்ளைக்கு 90 வீதம் என்று காட்டும். அரையாண்டின் நடுவில் இது நியாயம்தான், இன்னும் வராத பரீட்சைக்குப் பூச்சியம் போட முடியாதே. முடிவில் அப்படி விட்டால் அநியாயம். தராதவர்களுக்குப் பூச்சியத்தைக் கையால் போடுங்கள், அல்லது வெறும் புள்ளிகளை விலக்கும் அமைப்பை நிறுத்திவிடுங்கள். போட முன்னர், அதில் மருத்துவச் சான்றிதழ் தந்தவர் யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள்.

புள்ளியைச் சேமித்த அதே கணத்தில் அது மாணவருக்குத் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம். 60 விடைத்தாளில் பத்தைத் திருத்தி முடித்திருப்பீர்கள், அதற்குள் “எனக்கு ஏன் இன்னும் வரேல்லை” என்று ஐம்பது பேர் கேட்பார்கள். திருத்தி முடியும் வரை அந்தப் புள்ளி நிரலை மறைத்து வைத்து, எல்லோருக்கும் ஒரே நாளில் திறந்துவிடுங்கள்.

மூன்றாம் கிழமையில் ஒரு பார்வை

பங்குபற்றுவோர் பட்டியலில் ஒவ்வொருவரும் கடைசியாக எப்போது உள்ளே வந்தார் என்று ஒரு நிரல் இருக்கும். மூன்றாம் கிழமையில் அதைப் பாருங்கள். ஒருதரமும் வராதவர் இருந்தால் பெரும்பாலும் கடவுச்சொல்லை மறந்திருப்பார், அல்லது பழைய மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்திருப்பார், கேட்க வெட்கப்பட்டு இருப்பார். ஒரு அழைப்பு எடுத்தால் தீர்ந்துவிடும். ஆனால் இந்தப் பதிவுகளை வைத்து யார் எவ்வளவு படித்தார் என்று தீர்ப்புச் சொல்ல வெளிக்கிடாதீர்கள். ஒருவர் இறக்கி எடுத்து நாலு பேருக்கு அனுப்பியிருப்பார், அந்த நாலு பேரும் அவரை விட நன்றாக வாசித்திருப்பார்கள்.

அறிவித்தல்களைப் பொறுத்தவரை, வட்ஸ்அப்பைத் தவிர்க்கச் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் மின்னஞ்சல் பார்ப்பதில்லை, அது உண்மை. முழு விபரத்தைத் தளத்தில் எழுதுங்கள், குழுவில் “தளத்தில் அறிவித்தல் இருக்கு, பாருங்கோ” என்று மட்டும் போடுங்கள். திகதி மாற்றத்தைக் குழுவில் மட்டும் சொன்னால் இரண்டு திகதி புழங்கும், பிறகு எது சரி என்று வழக்கு வரும். மாணவர்களில் தெற்கில் இருந்து வந்தவர்களும் இருந்தால் அறிவித்தலை எளிய ஆங்கிலத்திலும் எழுதுங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள பீடங்களில் படிப்பிப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

அரையாண்டு முடிந்ததும்

புள்ளிப் பட்டியலை எக்செல் கோப்பாக இறக்கி உங்கள் கணினியில் ஒன்று, வேறெங்காவது ஒன்று வையுங்கள். பிறகு பாடநெறியைக் காப்புப்பிரதி எடுங்கள். ஆசிரியர் எடுக்கும் பிரதியில் வழமையாகப் பாடப்பொருளும் கேள்விகளும் அமைப்புகளும் இருக்கும், மாணவர்கள் தந்த ஒப்படைகள் இராது. அவையும் வேண்டும் என்றால் நிர்வாகியிடம் கேட்க வேண்டும், அல்லது ஒவ்வொரு ஒப்படைக்குள்ளும் போய் எல்லாச் சமர்ப்பிப்புகளையும் ஒரே கட்டாக இறக்க வேண்டும். மீள்திருத்தம் கோரி யாராவது விண்ணப்பித்தால் அந்தக் கட்டுத்தான் கைகொடுக்கும்.

அடுத்த அணிக்கு அதே பக்கத்தைத் தயார்செய்யும் வசதி ஒன்றும் உண்டு: பழைய மாணவர்களையும் சமர்ப்பிப்புகளையும் துடைத்துவிட்டு, புதிய தொடக்கத் திகதியைக் கொடுத்தால் ஒப்படை, பரீட்சைத் திகதிகளையும் அதற்கேற்பத் தள்ளிவைக்கும். தள்ளி வைத்த திகதிகள் நல்லூர்த் திருவிழாவின் தேர், தீர்த்த நாள்களில் போய் விழுந்திருக்கிறதா என்று நாட்காட்டியோடு ஒத்துப் பாருங்கள். துடைத்ததை மீட்க முடியாது. பரீட்சைச் சபை பெறுபேறுகளை உறுதிசெய்யும் வரை அந்தப் பொத்தானைத் தொட வேண்டாம்.